பூல் மேசையின் மேல் ஆறு உப்பு மூட்டை

சென்ற வருடம் கார்த்திகை மாத மழையில், புத்தளம் தில்லையடியில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளேயே இது நடந்தது. கடலிலோ ரோட்டிலோ நடந்திருந்தால் எழுதுவதற்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் மகள் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், அப்போது பதினான்கு வயது. நான் பயந்த சுபாவம் உள்ளவள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையை டியூஷனுக்கு விட்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை வாசலில் முச்சக்கர வண்டிக்குள் இருந்தே விடைத்தாள் திருத்தும் தாய் நான். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போனபோது, வள்ளம் கவிழும் என்று அவளை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன். வள்ளம் கவிழவில்லை. அடுத்த ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அதனால்தான் பூல் மேசை, கோலால் பந்தை அடித்து மூலை ஓட்டைகளில் விழுத்தும் அந்தப் பெரிய மேசை, வீட்டுக்கு வந்தபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். கற்பிட்டிப் பக்கம் மூடப்பட்ட ஒரு ஹோட்டலில் இருந்து கணவர் லீவில் வந்த நேரம் வாங்கியது அது. கட்டாரில் வேலை முடிந்து தங்குமிடத்துக்கு வந்தால் அவர்களுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்காம். வீட்டின் பக்கவாட்டில் கடை போடலாம் என்று கட்டி, கடை போடாமல் விட்ட ஓர் அறை இருந்தது. அதற்குள் மேசையைப் பொருத்த சிலாபத்தில் இருந்து ஒருவர் வந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்தாராம். நான் அன்று பாடசாலையில் இருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. பச்சைத் துணிக்குக் கீழே மூன்று கற்பலகைகள் உண்டு, அந்தக் கல்லின் பாரம் மட்டும் முந்நூறு கிலோவுக்குக் கிட்ட வரும் என்று கணவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. அயல் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பெரிய கெரம் போட் என்று சொல்லிப் போனார்கள்.

கணவர் திரும்பிப் போன பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீடியோவில் வருவார். மகள் போனை ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பாள். அவர் அங்கிருந்து எந்தப் பந்து, எந்த மூலை என்று சொல்ல, இவள் அவருக்காகவும் அடித்து, தனக்காகவும் அடித்து, கடைசியில் தான் வென்றதாகச் சொல்வாள். வாப்பாவுக்கு வேண்டுமென்றே பிழையாக அடிக்கிறாள் என்று அவர் முறைப்பாடு சொல்வார். நான் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறாள், சிரிக்கிறாள். எனக்கு அது போதும்.

அந்த மழையில் மேலே இருந்த குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, இரவோடு இரவாகத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது. மகளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு மதுரங்குளியில் இருக்கும் நானாவின் வீட்டுக்குப் போனேன். நானா என் கூடப்பிறந்தவர், எனக்கு ஐந்து வயது மூத்தவர். புத்தளத்தில் எங்கள் வாப்பா விட்டுப்போன உப்பளத்தை அவர்தான் பார்க்கிறார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, சுவரில் முழங்காலுக்கு மேல் சேற்றுக்கோடு.

வெள்ளம் வந்த வீட்டைக் கழுவியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெத்தை, அலுமாரியின் கீழ்த்தட்டு, பழைய கொப்பிகள் என்று எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டோம். பக்கத்து அறைக்குக் கடைசியாகத்தான் போனேன். அங்கே கூரைத் தகடு ஒன்று காற்றில் விலகி, மழை நேராக மேசையின் மேல் ஒழுகியிருந்தது. பச்சைத் துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்து, களப்புப் பாசி மணத்தது. துணியைப் பார்த்ததும் எனக்குக் கணவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் லீவில் வர இன்னும் ஐந்து வாரம். அதற்குள் மேசையைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

மேசையின் கால்களும் இரண்டு நாட்கள் தண்ணீருக்குள் நின்றிருந்தன. அவற்றை நான் தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சேறு போனதும் பளபளவென்று இருந்தன. தடித்த கால்கள். நல்ல பலகை என்று நினைத்துக்கொண்டேன்.

மேசையின் ஓரத்தில் ஒரு சின்னக் கடதாசியில், பொருத்திக் கொடுத்தவரின் தொலைபேசி இலக்கம் ஒட்டப்பட்டிருந்தது. எடுத்துக் கதைத்தேன். சிலாபம் பக்கத்துத் தமிழ், இடையிடையே சிங்களம். அவர் முதலில் கேட்டதே ஒரேயொரு கேள்வி.

"தண்ணி மேல இருந்து வந்திச்சா மிஸ், கீழ இருந்து வந்திச்சா?"

மேலிருந்து, கூரை ஒழுகியது என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சின்னதாகச் சொன்னால் விஷயமும் சின்னதாகவே இருந்துவிடும் என்ற ஒரு எண்ணம். பயந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. நடக்காத ஆயிரம் விஷயங்களுக்குப் பயப்படுவோம், கண்முன்னால் நடந்திருக்கும் ஒன்றை மூடி மறைப்போம். கணவரிடமும் அதைத்தான் செய்தேன். வெள்ளம் வாசலோடு நின்றுவிட்டது என்றேன். அந்த வெள்ளிக்கிழமை, பக்கத்து அறையில் பல்ப் எரிந்துவிட்டது, விளையாட முடியாது என்று மகளைச் சொல்ல வைத்தேன். அவள் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

சிலாபத்துக்காரர், மேலிருந்து வந்த தண்ணீர் என்றால் பயமில்லை, துணியைக் கழற்றாமல் காற்றாடி போட்டுக் காய விடுங்கள், ரோடு சரியானதும் இரண்டு வாரத்தில் வருகிறேன் என்றார்.

காற்றாடி போட்டேன். நாலைந்து நாளில் துணி ஓரளவு காய்ந்தது. அப்போதுதான் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பந்தை நடுவில் வைத்துக் கையை எடுத்தால் அது நிற்கவில்லை. மெதுவாக உருண்டு, எப்போதும் ஒரே மூலைக்குப் போனது. "உம்மா, பந்து தானா ஓடுது. மேச ஒரு பக்கம் சரியிற மாதிரி இருக்கு" என்றாள்.

நான் குனிந்து துணியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கற்பலகைகள் சேரும் இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது. ஈரத்தில் உள்ளே ஏதோ ஊதி, கல்லைத் தூக்கியிருக்கிறது, அழுத்தி வைத்தால் படிந்துவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கீழே குனிந்து காலைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இனி நான் செய்ததை உப்புக்காரர் வீட்டில் பிறக்காத யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் உம்மா மாரி காலத்தில் அலுமாரிக்குள் ஒரு சிரட்டையில் கல்லுப்பு வைப்பார். துணிமணியில் ஈர வாடை வராது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நானும் என் வீட்டில் அப்படித்தான் வைக்கிறேன். ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடத்திலும் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஈரத்தையும் இழுக்க வேண்டும், கல்லையும் அழுத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்கிறதே என்று நினைத்தபோது, என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை வந்தது.

நானாவுக்கு அழைத்து ஆறு மூட்டை கல்லுப்புக் கேட்டேன். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. லொறியில் கொண்டுவந்து, லொறிக்காரரும் நானாவுமாகத் தூக்கி மேசையின் மேல் அடுக்கினார்கள். நானா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மேசையைக் கருவாடு போடப் போறியா?"

லொறிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறை ஐம்பதால் பெருக்க எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. கணவர் சொன்ன கல்லின் பாரத்தோடு அதைக் கூட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை. பாடசாலையில் திணிவையும் நிறையையும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிப்பவள் நான்.

மாரிக் காற்றில் உப்பு மூட்டைக்கு என்ன நடக்கும் என்று புத்தளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தானே மழை இருட்டினால் உப்புக் குவியலைக் கிடுகால் மூடுகிறார்கள். எனக்கும் தெரியும்தான். ஒரு சிரட்டை உப்பு அலுமாரியின் ஈரத்தை இழுக்கும். முந்நூறு கிலோ உப்பு, கூரை பிரிந்த அறையில், ஊரின் ஈரத்தையெல்லாம் இழுத்தது. மூன்றாம் நாள் காலையில் மூட்டைகள் அழ ஆரம்பித்தன. உப்புத்தண்ணீர் மேசையின் மூலை ஓட்டைகள் வழியாகவும், கல் இடுக்கு வழியாகவும் கீழே சொட்டியது. நிலத்தில் நாலு இடத்தில் குட்டை கட்டியது.

அன்று சனிக்கிழமை. பகல் சாப்பாடு முடிந்த நேரம். நான் துணி மடித்துக்கொண்டு நின்றேன். சொட்டும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு முழங்கால் வருத்தம், குனிந்து மேசைக்குக் கீழே போக ஏலாது. மகளைக் கூப்பிட்டேன். கீழே போய்ச் சொட்டும் இடங்களில் பேசின்களை வைத்து, நிலத்தைத் துடைத்துவிட்டு வா என்றேன். அவள் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்தாள். சின்ன வயதில் கட்டிலுக்குக் கீழே கூடாரம் கட்டி விளையாடியவள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வெளியே அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

வழக்கம்போல ஒவ்வொரு நிமிடமும் அவளுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். கவனம், தலை இடிக்கும். கவனம், உப்புத்தண்ணி கண்ணில் படும். கவனம், போனை நனைக்காதே. கூப்பிட்டால் "ஒரு நிமிசம் உம்மா" என்பதோடு சரி.

அப்போதுதான் கேற்றடியில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் ஒரு பையோடு நின்றார். சிலாபத்தில் இருந்து வருகிறேன், பூல் மேசை என்றார். இரண்டு வாரத்தில் வருவேன் என்றவர் இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பின்பு தெரிந்தது, முதல் நாள் டீவியில், வெள்ளத்தின்போது தில்லையடி தண்ணீருக்குள் நின்றதைக் காட்டினார்களாம். ஊரே தண்ணீரில் நின்றிருக்கிறது, இந்த மிஸ் கூரை மட்டும் ஒழுகியது என்கிறாரே என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். எனக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். சார்ஜ் இல்லாமல் என் போன் செத்துக் கிடந்தது. விடிந்ததும் பஸ் ஏறி, வெள்ளத்தில் உடைந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசற்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூட்டைகளைப் பார்த்தார். மேசையின் கால்களைப் பார்த்தார். பிறகு நிலத்தில் தெரிந்த பாதங்களைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வெகு சாதாரணமாக, வந்த வீட்டில் உரிமையோடு கேட்பதுபோலக் கேட்டார்.

"மகள், அங்கிளுக்கு ஒரு கிளாஸ் தண்ணி தாறீங்களா? சிலாபத்துல இருந்து பஸ்ஸில நின்டுகிட்டே வந்தது. ஆறுதலா வாங்க, அவசரமில்ல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்காரி நான் நிற்கிறேன். வேலையாக இருக்கும் பிள்ளையிடம், அதுவும் முன்பின் தெரியாத பெண் பிள்ளையிடம், தண்ணீர் கேட்கிறாரே என்று. நான் எடுத்து வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, இடது கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி என்னை நிறுத்தினார்.

என் பத்துக் கட்டளைக்கும் அசையாதவள், விருந்தாளி தண்ணீர் கேட்டதும் வந்தாள். பாதங்கள் அசைந்தன. முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு உப்புத்தண்ணீர் பட்ட தலைமுடி. எழுந்து முக்காட்டைச் சரிசெய்து, ஸலாம் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். அவர் அவளைக் கண்ணாலேயே கதவு வரை கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

"மிஸ், நீங்களும் வெளிய வாங்க. துணிய விடுங்க. செருப்பும் வேணாம். வாங்க."

குரல் உயரவில்லை. ஆனால் நான் வெறுங்காலோடு விறாந்தைக்கு வந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் சொன்னார். வெளியில் பார்க்கப் பலகை மாதிரி இருந்தாலும் அந்தக் கால்கள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. மேலே ஒட்டியிருப்பது மெல்லிய மரத்தோல்தான். தண்ணீர் உள்ளே போனால் தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டு மாதிரி ஊறிவிடும். வாசற்பக்கக் கால் இரண்டும் அடியில் வெடித்து விரிந்திருந்தன. நான் பார்க்காததை அவர் வாசற்படியில் நின்றே பார்த்திருக்கிறார். பந்து ஒரு மூலைக்கு ஓடியது கல் மேலே வந்ததால் இல்லை. கால் கீழே போனதால்.

எனக்கு உள்ளே ஓடிப்போய் மூட்டைகளை இழுத்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. இரண்டடி வைத்துவிட்டேன். அவர் குறுக்கே வந்து கதவைச் சாத்தினார். இப்போது அதைத் தொடக் கூடாது, நாலு பேரும் கொங்கிறீட் கல்லும் வேண்டும், கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும் என்றார். அவருடைய போனை வாங்கி நானாவுக்குச் சொன்னேன். இலக்கம் இரண்டு தடவை பிழைத்தது.

இப்படியான கதைகளில் பிள்ளை வெளியே வந்த அடுத்த நொடியே எல்லாம் நடக்கும். அப்படி நடக்கவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கதிரையில் உட்கார்ந்து முழுவதும் குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டு அதையும் குடித்தார். எத்தனையாம் தரம், என்ன விளையாட்டு என்று அவளிடம் விசாரித்தார். அவள் வலைப்பந்து என்றாள். அவள் பாடசாலை வலைப்பந்துக் குழுவில் இருப்பது எனக்குத் தெரியும். கோல் போடுவது அவள்தான் என்பது அன்றுதான் தெரியும். இருபது நிமிடம் போயிருக்கும்.

பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். முதலில் வந்தது மிகச் சின்னச் சத்தம், நனைந்த ரஸ்க்கை உடைப்பதுபோல. அடுத்ததாகத்தான் வீடு அதிர்ந்தது. விறாந்தைத் தரை அதிர்ந்தது என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. தூசிகூட எழவில்லை, எல்லாம் ஈரம். கதவைத் திறந்து பார்த்தோம். மேசை முன்பக்கம் மண்டியிட்டு விழுந்து, கற்பலகைகள் நிலத்தோடு நிலமாகக் கிடந்தன. மூட்டைகள் வெடித்து, கல்லுப்பு வாசல் வரை ஓடி வந்திருந்தது. பிறகு ஆட்கள் வந்து கல்லைக் கிளப்பியபோது, மகள் தலைமாட்டில் வைத்திருந்த நீல நிறப் பேசின் வெளியே வந்தது. அது பேசினாக இல்லை. மடித்த கடதாசியாக இருந்தது.

அவள் இன்னும் உள்ளே இருந்திருப்பாளா என்று என்னை நானே கேட்டுப் பார்ப்பதுண்டு. இருந்திருப்பாள். துடைக்க வேண்டிய நாலு குட்டையில் ஒன்றுதான் முடிந்திருந்தது. நான் அவளை இன்னும் ஒரு மணித்தியாலம் அங்கேயே வைத்திருந்திருப்பேன்.

அந்தச் சத்தம் அடங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி, கவனமாக இருக்கத் தெரியாதா, எத்தனை தடவை சொல்கிறேன் என்று ஏசினேன். அவள் கையில் வெறும் கிளாஸ் இருந்தது. அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்கதானே உம்மா போகச் சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். நான் விறாந்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டொல்பின் பார்க்க விடாதவள், டியூஷன் வாசலில் காவல் இருந்தவள், வீட்டில் இருந்தால் பத்திரம் என்று நம்பியவள். அறுநூறு கிலோவுக்குக் கீழே அவளைப் படுக்க வைத்தது கடலும் இல்லை, ரோடும் இல்லை.

நானா வந்தார். அறையை எட்டிப் பார்த்தார். உப்பை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார், மாலை வரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவ்வளவு பகிடி விடும் மனிதர்.

சிலாபத்துக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது, அவர் முழுவதையும் குடித்தார். அவருக்கும் என்மேல் கோபம் இருந்தது. மேல இருந்தா, கீழ இருந்தா என்று கேட்டேனே மிஸ், கீழ இருந்து என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆட்களை அனுப்பியிருப்பேனே என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏன் நீங்கள் பிள்ளையை உடனே வெளியே வா என்று கத்தவில்லை என்று கேட்டேன். நானாக இருந்தால் தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பேன்.

"கத்தினா புள்ள திடுக்கிட்டு எழும்பும் மிஸ். எழும்பினா தோள் மேசக் கால்ல இடிக்கும். அந்தக் காலுக்கு ஒரு இடி போதும்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கவா என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை கணவருக்கு நானே அழைத்தேன். வெள்ளம் வீட்டுக்குள் வந்தது முதல், பல்ப் பொய், உப்பு, பிள்ளை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். புள்ள எங்கே என்றார். போனை மகளின் பக்கம் திருப்பினேன். அவளைத் தலையில் இருந்து கால் வரை காட்டச் சொன்னார். காட்டினாள். அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு, "உப்பா?" என்றார். ஓம் என்றேன். மறுபடியும், "உப்பா?" என்றார். மகள்தான் முதலில் சிரித்தாள். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திரையில் இருந்து திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று இருவருக்கும் தெரிந்தது.

மூன்று கற்பலகையில் ஒன்று உடைந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் உண்மையான பலகையில் சின்னதாக ஒரு மேசை செய்து தரலாம் என்று சிலாபத்துக்காரர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மகளும் வேண்டாம் என்றாள், ஆனால் வேறு காரணத்துக்கு. அவள் கேட்டது வேறு. வலைப்பந்துக் குழு சிலாபத்துக்குப் போட்டிக்குப் போகிறது, பஸ்ஸில், டீச்சர்களோடு, காலை போய் மாலை வருவது. நீங்க பின்னால வரக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்த்துக் கேட்டாள்.

அனுமதித்தேன். அந்தக் காலையில் அவள் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கவனம் என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பஸ், ரோடு, வெயில், அந்நிய ஆண்கள், எல்லாம் வரிசையாக வந்தன. வாயைத் திறந்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வா மகள் என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். போய் எடுத்து வந்து தந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள். மாலையில் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தாள், வெயிலில் கறுத்து, பசியோடு.

என் பயம் போய்விடவில்லை. போகும் என்றும் நான் நினைக்கவில்லை. பக்கத்து அறை இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. நிலத்தில் உடைந்த மாபிள் கல் இரண்டை நான் மாற்றவே இல்லை. அலுமாரிக்குள் சிரட்டையில் உப்பு இன்னும் வைக்கிறேன். ஆனால் இப்போது பயம் எழும்பும்போதெல்லாம் நான் கத்துவதில்லை. மகளிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கிறேன். என் பயத்தில் இருந்து அவளை ஆறுதலாக வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், அதையும் நான் பெயர்கூடச் சரியாகக் கேட்டு வைக்காத ஒரு மனிதரிடம்தான் கற்றுக்கொண்டேன்.